சீட்டிலிருந்த கேள்விக்குறி: பேருந்து ஓட்டுநர் ஒருவரின் நெஞ்சுப் படபடப்பு – நிகழ்வு ஆய்வு

ஈரோடு மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் பொது மருத்துவராக இருக்கிறேன். இந்த நிகழ்வை எழுத அந்த ஓட்டுநரும் அவர் மனைவியும் சம்மதித்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும் எங்கள் பக்கத் தவறுகளையும் மாற்றவில்லை.

## பின்னணி

வயது 38. தனியார் பேருந்து ஓட்டுநர். சத்தி – கோவை தடத்தில் 14 ஆண்டு அனுபவம். ஒரு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு என்ற முறை. வேலை நாளில் விடிகாலை 4 மணிக்கு எழுந்தால் வண்டியை ஷெட்டில் விட்டு வீடு சேர இரவு 10 ஆகிவிடும். பஸ் ஸ்டாண்டில் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால் பின்னால் வரும் வண்டிக்காரரோடு வாய்த்தகராறு. நாளைக்கு எட்டு ஒன்பது டீ, ஐந்தாறு சிகரெட். சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ கிடையாது. குடிப்பழக்கமும் இல்லை.

படபடப்பு தொடங்குவதற்கு எட்டு மாதம் முன்பு, கார்த்திகையில், அவருடைய அண்ணன் 44 வயதில் மாரடைப்பால் இறந்திருந்தார். இதை என்னிடம் வந்த முதல் நாளே சொன்னார். எப்படி இறந்தார் என்பதை அவர் வாயால் நான் கேட்க ஐந்து வாரம் ஆனது.

## முதல் நாள்

ஆடி மாதம், வெயில் தாழ்ந்த நேரம். கோவையிலிருந்து திரும்பும் டிரிப். அன்னூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தொடங்கியிருக்கிறது. பின்னாளில் அவர் விவரித்தது இது: "ஸ்டியரிங் புடிச்ச கை மரத்துப் போச்சுங்க. நெஞ்சு டமடமன்னு அடிக்குது, மூச்சு உள்ள போவ மாட்டேங்குது. அவ்வளவுதான், அண்ணன் மாதிரியேதான்னு நெனச்சேனுங்க."

வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். மாரடைப்பு வந்த ஓட்டுநர் கடைசி நொடியில் பேருந்தை ஓரம் நிறுத்திப் பயணிகளைக் காப்பாற்றிய செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஓட்டுநர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் அந்த வீடியோக்கள் ஓயாமல் சுற்றுகின்றன. அவர் கைப்பேசியிலும் மூன்று இருந்தன.

கண்டக்டர் ஆட்டோ பிடித்து அருகிலிருந்த சிறு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். நாடித்துடிப்பு 128, ரத்த அழுத்தம் 150/90, ஆக்சிஜன் 99 சதவீதம். ஈசிஜியில் இதயம் வேகமாக, ஆனால் சீராகத் துடித்தது. இது சைனஸ் டாக்கிகார்டியா, இதயத்தின் இயல்பான தொடக்கப் புள்ளியிலிருந்தே வரும் வேகத் துடிப்பு. அங்கிருந்த மருத்துவர் மாரடைப்புச் சந்தேகத்தில் முதலில் ஒரே வேளையாகத் தரும், லோடிங் டோஸ் எனப்படும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்து, கோவையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார். நெஞ்சு அடைப்போடு வந்த 38 வயதுப் புகைப்பழக்கக்காரர், அண்ணன் 44-ல் மாரடைப்பில் போனவர். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அனுப்பிய சீட்டில் 'ஏ.சி.எஸ்.' என்று எழுதி முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். இதயத் தமனி அடைப்பாக இருக்கலாம், பாருங்கள் என்று ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்குச் சொல்லும் குறி அது.

கோவையில் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை டிரோபோனின் பார்த்தார்கள். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம் அது. இரண்டும் நார்மல். இதயத்தின் ஸ்கேனான எக்கோவும் நார்மல். மறுநாள் காலை, "ஒண்ணுமில்ல, டென்ஷன்தான். நிம்மதியா இருங்க" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

## ஏழு வாரங்கள்

ஒண்ணுமில்லாமல் நெஞ்சு எதற்கு அப்படி அடித்தது என்று அவர் அங்கே கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தனக்குள் கேட்டுக்கொண்டார். கேள்விக்குறி போட்ட அந்தச் சீட்டின் நகலை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஏழு வாரங்களில் நான்கு இடங்களில் ஆறு ஈசிஜி. ஒரு டிரெட்மில் சோதனை. அதில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடி, துடிப்பு 160-ஐத் தொட்ட பிறகும் ஈசிஜியில் மாற்றமில்லை. ஒவ்வொரு நார்மல் ரிப்போர்ட்டும் இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள், "அன்னைக்கு நார்மல், இன்னைக்கு?" என்று ஆரம்பித்துவிடும்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் அலமாரியிலிருந்து தலையணைக்கு அடியில் வந்து சேர்ந்தது. மனைவி எண்ணிப் பார்த்த ஒரு நாளில் 43 முறை விரலில் மாட்டியிருக்கிறார். ஆக்சிஜன் அளவை அவர் பார்ப்பதேயில்லை, பார்ப்பதெல்லாம் கீழே ஓடும் துடிப்பு எண்ணைத்தான். 80 என்றால் நிம்மதி. 92 என்றால் மனம் பதறும், அந்தப் பதற்றத்திலேயே அது 104 ஆகும். அப்புறம் தூக்கம் போய்விடும்.

அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். கேஸ் மாத்திரை, ஓம வாட்டர் எல்லாம் நடந்தன. ஒரு மருத்துவர் இரவில் போட, பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் அல்பிரசோலம் 0.25 மி.கி. எழுதினார். அது வேலை செய்ததால் காலையிலும் ஒன்று சேர்ந்தது.

இதில் மருத்துவர்கள் கவனிக்க வேண்டியது சார்பிட்ரேட். நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் அந்த 5 மி.கி. மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லும் வாட்ஸ்ஆப் செய்தி வராத வீடு இல்லை. யாரும் சீட்டு எழுதாமலே வாங்கி வைத்திருந்தார். ஆவணியில் ஓர் இரவு படபடப்பு வந்ததும் ஒன்றை வைத்துக்கொண்டார். இந்த மருந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்தும், ரத்த அழுத்தம் இறங்கும். இறங்கிய அழுத்தத்தை ஈடுகட்ட இதயம் இன்னும் வேகமாக ஓடும். தலை வெடிப்பதுபோல் வலிக்கும். வேகத் துடிப்புக்குப் பயந்து, துடிப்பை ஏற்றும் மாத்திரையைப் போட்டிருக்கிறார். எழுந்தவர் கண் இருட்டிக் கட்டில் ஓரத்தில் சரிந்தார். "ராத்திரி பூரா மாரைப் புடிச்சுட்டே உக்காந்திருந்தாருங்க. நானும் புள்ளையும் மொகத்தையே பாத்துட்டு இருந்தோம்" என்றார் மனைவி. அன்றிலிருந்து அவருக்குத் தன் இதயம் கெட்டுவிட்டது என்பதில் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

## என்னிடம் வந்தபோது

புரட்டாசித் தொடக்கத்தில் ஒரு மஞ்சள் பை நிறைய ரிப்போர்ட்டுகளோடு வந்தார்கள். நாடி 96, ரத்த அழுத்தம் 126/80. இதய ஒலியில் குறையில்லை. கழுத்தில் தைராய்டு வீக்கம் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு விரலால் கழுத்து நாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடுவது அவருக்கே தெரியவில்லை.

பயத்தால் வரும் படபடப்பு என்று எனக்குத் தோன்றினாலும் அதிலேயே நின்றுவிட மனமில்லை. எஸ்.வி.டி. என்ற துடிப்புக் கோளாறு உள்ளவர்களைப் பயந்தவர்கள் என்று பட்டம் கட்டி வருடக்கணக்கில் அலையவிட்ட கதைகள் உண்டு. அதனால் மேசையில் விரலால் தட்டிக் காட்டச் சொன்னேன். செலவில்லாத சோதனை, ஆனால் நிறையச் சொல்லும். எஸ்.வி.டி. ஸ்விட்ச் போட்டதுபோல் ஒரே நொடியில் ஆரம்பிக்கும், அதேபோல் பட்டென்று நிற்கும். துடிப்பு பெரும்பாலும் 150-க்கு மேல் போகும். இவர் தட்டியது மெல்ல ஆரம்பித்து, வேகமெடுத்து, மெல்ல அடங்கியது. பிறகு, "இன்னொண்ணும் வருதுங்க" என்று வேறு மாதிரி தட்டினார்: தட், தட், ஓர் இடைவெளி, ஓங்கி ஒரு தட்டு.

அந்த இரண்டாவதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. "நின்னு நின்னு ஓடுதுங்க." உண்மையில் நிற்பதில்லை. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருகிறது, அது பலவீனமாக இருப்பதால் தெரிவதில்லை. அதற்கு அடுத்து வரும் இடைவெளியில் இதயம் வழக்கத்தைவிடக் கூடுதலாக நிரம்புகிறது. நிரம்பியதை வெளியேற்றும் அடுத்த துடிப்புதான் நெஞ்சில் உதைப்பதுபோல் தெரிகிறது. பொதுவாக நலமான இதயங்களிலும் இது நடக்கும்.

பழைய ஈசிஜிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பிறவியிலேயே கூடுதல் மின்பாதை இருப்பதைக் காட்டும் அடையாளம் எதிலும் இல்லை. தைராய்டு, ஹீமோகுளோபின், பொட்டாசியம், சர்க்கரை எல்லாம் சரி. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு மட்டும் 148. பழைய ரிப்போர்ட்டில் இல்லாத ஒரே சோதனை 24 மணி நேர ஹோல்டர் பதிவு, உடம்பில் மாட்டிக்கொண்டே நடமாடும் சிறு ஈசிஜி கருவி. அதைச் செய்யச் சொன்னேன்.

## எங்கள் பக்கத் தவறு

ஹோல்டர் எடுத்தது தவறில்லை. ரிப்போர்ட் எங்கள் வரவேற்பு மேசையிலிருந்து வாட்ஸ்ஆப்பில் அவருக்குப் போனதுதான் தவறு. நான் அப்போது வேறு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட்டில் '212 வி.பி.சி.' என்று இருந்தது. இதயத்தின் கீழறையான வென்ட்ரிக்கிளிலிருந்து முந்தி வரும் துடிப்புகள், அவர் மேசையில் தட்டிக் காட்டியவை. அன்றைய 24 மணி நேரத்தில் இதயம் துடித்தது சுமார் 1,12,000 முறை. ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை. ஆனால் அவருக்குக் கிடைத்தது 212 என்ற எண்ணும், அதைக் கூகுளில் போட்டுப் பார்த்த அக்கா மகனும். அன்றிரவு 11 மணிக்கு மறுபடியும் அவசரப் பிரிவில் சேர்ந்தார். ஏழாவது ஈசிஜி.

மறுநாள் உட்கார வைத்து அதே ரிப்போர்ட்டை வரி வரியாகக் காட்டினேன். "நெஞ்சு என்னமோ பண்ணுது" என்று அவர் ஹோல்டர் கருவியின் பொத்தானை அழுத்தியது ஐந்து முறை. ஐந்திலும் 110 முதல் 125 வரையிலான சீரான துடிப்பு. 212-ல் பெரும்பாலானவை அவர் நன்றாகத் தூங்கிய நேரத்தில் வந்தவை. "தூங்கறப்ப வந்தது தெரியவே இல்லீங்களே" என்றார். அவர் குரலில் முதல்முறையாகப் பயம் குறைந்து யோசனை தெரிந்தது. இதை எண்ணுக்கு முன்னால் சொல்லியிருந்தால் ஓர் இரவு மிச்சமாகியிருக்கும்.

## உடம்பில் நடந்தது என்ன

'ஒண்ணுமில்ல' என்ற சொல்லை இவரிடம் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். நெஞ்சு உண்மையாகவே அடித்தது, விரல் உண்மையாகவே மரத்தது. அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஆபத்து என்று மூளை முடிவுகட்டினால் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு வேகமாகிறது. ஓடவோ சண்டையிடவோ உதவ வேண்டிய ஏற்பாடு. உட்கார்ந்த இடத்தில் வேகமாக மூச்சுவிட்டால் ஆக்சிஜன் அதிகரிக்கப் பெரிதாக இடமில்லை, அது ஏற்கெனவே 99. மாறாக ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கித் தலை கிறுகிறுக்கிறது. ரத்தத்தில் செயல்படும் கால்சியத்தின் அளவு தற்காலிகமாகக் குறைந்து உதட்டோரமும் விரல் நுனிகளும் மரக்கின்றன. விடாமல் விரியும் விலா எலும்பிடைத் தசைகள் இறுகி நெஞ்சு அடைக்கிறது. இவை ஒவ்வொன்றையும் மாரடைப்பின் அறிகுறியாகப் படித்தால் பயம் கூடும், பயம் கூடினால் மூச்சு கூடும். இந்தச் சுழலைப் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் தெளிவாக எழுதினார். அதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே, அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் காயமில்லாமல் நெஞ்சு படபடப்பதைக் கண்ட மருத்துவர் டா கோஸ்டா 1871-ல் அதற்கு 'எரிச்சலுற்ற இதயம்' என்று பெயரிட்டிருந்தார். சிப்பாய்க்கு வந்தது டிரைவருக்கு வந்தால் கேவலமில்லை என்பதற்காகவே அந்தக் கதையை அவரிடம் சொன்னேன்.

கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்போ, நியூட்ரல்ல போட்டு ரெய்ஸ் பண்ற மாதிரிங்களா?" அதைவிட நல்ல உவமை என்னிடம் இல்லை. உடனே அடுத்த கேள்வி வந்தது: "தெனமும் ரெய்ஸ் பண்ணுனா இன்ஜின் தேயாதுங்களா?"

இதற்குப் பூசி மெழுகாமல் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நலமான இதயத்தைப் பத்து நிமிடப் படபடப்பு ஒன்றும் செய்யாது. டிரெட்மில்லில் அதைவிட வேகமாக அவரே ஓடியிருக்கிறார். ஆனால் மனநெருக்கடிக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் பொய். 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு மாரடைப்புக்கான ஒன்பது காரணிகளில் மனநெருக்கடியையும் ஒன்றாகக் கண்டது. பெரும் அதிர்ச்சியில் இதயத்தின் கீழ்ப்பகுதி தற்காலிகமாகச் செயலிழக்கும் டகோட்சுபோ என்ற நிலையும் உண்டு. ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரை அதற்கு வைத்தார்கள். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது. இவருடைய எக்கோவில் அதன் சாயலே இல்லை. "வருசக்கணக்குல தூக்கம் கெட்டு, சிகரெட்டும் புடிச்சா இன்ஜின் தேயும். நேத்து ராத்திரி அடிச்சதுனால தேயாது" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. முழுக்க நல்ல செய்தியாக இல்லாததால்தான் நம்பினார் என்று நினைக்கிறேன்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலாவது, ஒரு தாள். அண்ணன் 44-ல் போன வீட்டில் இனி எந்த நெஞ்சு வலிக்கும் போகாதே என்று சொல்ல முடியாது. இன்று பயத்தால் படபடப்பவருக்கு பத்து ஆண்டு கழித்து உண்மையான மாரடைப்பு வரலாம். அதனால் எப்போது யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்: நெஞ்சை அழுத்தும் வலி 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தால், நடக்கும்போதோ படி ஏறும்போதோ வந்து, நின்றால் குறைந்தால், வலி தாடைக்கோ கைக்கோ பரவி வேர்த்துக் கொட்டினால், மயங்கி விழுந்தால். இவற்றில் எதுவும் இல்லாத படபடப்புக்கு ஈசிஜி கிடையாது, எனக்கும் போன் கிடையாது, மறுநாள் வந்து சொன்னால் போதும். மேலே சொன்ன வலிகளைக் கேஸ் என்று நினைத்து வீட்டில் வைத்தியம் பார்ப்பதும் கிடையாது.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் அவர் முகம் மாறியது. அன்று எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது, என் அறையிலேயே அந்தப் படபடப்பை வரவழைத்துப் பார்த்தோம். இதயச் சோதனைகள் எல்லாம் முடிந்து, ஆஸ்துமாவும் வலிப்பும் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் செய்தேன். அந்த வரிசையை மாற்றக்கூடாது. ஈசிஜி மானிட்டரை மாட்டிவிட்டு, ஒரு நிமிடம் வேகமாக ஆழமாக மூச்சுவிடச் சொன்னேன். நானும் கூடவே செய்தேன். நாற்பதாவது நொடியில் கையைத் தூக்கிவிட்டார். விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது, நெஞ்சு அடைக்கிறது. "இதேதாங்க! அன்னைக்கு வண்டியில வந்தது இதேதாங்க!" மானிட்டரில் 118, சீரான துடிப்பு. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தோம். நான்காவது நிமிடத்தில் 90-க்கு வந்துவிட்டது. தானே வரவழைத்தது, தானாகவே போனது. ஏழு ஈசிஜி செய்யாத வேலையை அந்த ஐந்து நிமிடம் செய்தது. அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் வீட்டிலும், மாடிப்படியில் வேகமாக ஏறி இறங்குவதோடு சேர்த்துச் செய்யச் சொன்னேன். துடிப்பு ஏறுவதும் ஆபத்து வருவதும் ஒன்றல்ல என்பது உடம்புக்குப் பழக வேண்டும்.

நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடும் மெதுமூச்சையும் கற்றுக்கொடுத்தேன், கொஞ்சம் தயக்கத்தோடு. மூச்சுப் பயிற்சி செய்ததால்தான் பிழைத்தேன் என்று ஆகிவிட்டால் அதுவும் இன்னொரு தாயத்து. தூங்கப் போகும்போது மட்டும் என்று வரம்பு போட்டேன்.

தாயத்து என்றதும் சட்டைப்பைக்கு வர வேண்டும். சார்பிட்ரேட்டை அன்றே வாங்கி வைத்துக்கொண்டேன். ஆக்சிமீட்டர் பீரோவுக்குள் போய், சாவி மனைவியிடம் போனது. அம்மா கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை. அது எண் காட்டுவதில்லை.

மூன்றாவது, வண்டி ஓட்டுவது. இதில்தான் எனக்கும் அவருக்கும் உரசல். இந்தப் பயத் தாக்குதலில் ரத்த அழுத்தம் ஏறுகிறதே தவிர விழுவதில்லை. அதனால் மயங்கி விழுவது மிக அரிது. அன்றும் அவர் வண்டியைச் சரியாகத்தான் நிறுத்தினார். எனக்குக் கவலை அல்பிரசோலம்தான். தினம் இரண்டு வேளை அதைப் போட்டுக்கொண்டு ஐம்பது அறுபது பேரை வைத்து ஓட்டக்கூடாது. அதை நிறுத்தும் வரை ஸ்டியரிங் தொடக்கூடாது என்றேன். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கலெக்‌ஷன் அதிகம், பேட்டா அதிகம். "இப்பப் போய் வீட்ல உக்காருங்கன்னா எப்படீங்க?" என்று கோபப்பட்டார். மனைவியின் யோசனையால் முதலாளியிடம் உண்மையைச் சொன்னார்கள். ஆளை விட்டுவிட மனமில்லாத முதலாளி, பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக நிற்கச் சொன்னார். சம்பளம் குறைவு. ஆனால் தினமும் பேருந்துச் சத்தத்துக்கு நடுவில் இருந்தார். வீட்டில் அடைந்து கிடந்திருந்தால் திரும்பிப்போவது இரண்டு மடங்கு கடினமாகியிருக்கும். இந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

நான்காவது, மருந்து. அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் அனுப்ப நினைத்தேன். "நான் என்ன லூசுங்களா?" என்றார். மனைவி அமைதியாகச் சொன்னார்: "அஞ்சு வருசமா நான் சுகருக்கு மாத்திர போடறேன், என்னைய யாரு என்ன சொன்னாங்க?" அடுத்த வாரம் இருவரும் போனார்கள். பயத் தாக்குதலுக்கான செர்ட்ராலின் மாத்திரையை 25 மி.கி.-யில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 50 ஆக்கினார்கள். அல்பிரசோலத்தை நான்கு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தார்கள். செர்ட்ராலின் தொடங்கும் முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடலாம், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் இப்படிப்பட்டவர் மூன்றாம் நாளே மாத்திரையை விட்டுவிடுவார். சொல்லியிருந்தோம். அப்படியும் நான்காம் நாள் வந்து கேட்டுவிட்டுத்தான் போனார். துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் கொடுக்கலாமா என்ற பேச்சும் வந்தது. வேகத் துடிப்புக்குப் பழக வேண்டியவருக்கு அந்தத் துடிப்பையே மறைக்கும் மருந்து வேண்டாம் என்று நானும் மனநல மருத்துவரும் விட்டுவிட்டோம்.

## ஐந்தாவது வாரம்

மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாக வந்தார். அண்ணனுக்கு அன்று இரவு 1 மணிக்கு நெஞ்சு கரித்திருக்கிறது. "வாயுதான்னு நெனச்சு நான்தான் இஞ்சிச் சாறு புழிஞ்சு குடுத்தேனுங்க. கொஞ்ச நேரம் படுன்னு சொல்லிட்டு வந்து தூங்கிட்டேன். அஞ்சு மணிக்கு அண்ணி கூப்புட்டப்ப..." தாளிலிருந்த அந்தக் கடைசி வரியை வைத்துக்கொண்டு கேட்டார்: "இது அப்பவே எங்க வீட்ல இருந்திருந்தா?"

இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும். அதை மறைக்கவில்லை. மாரடைப்பை வாயு என்று நினைப்பது இந்த ஊரில் படித்தவர்களும் செய்யும் தவறு என்றும், மருத்துவர்களே ஏமாந்ததுண்டு என்றும் சொன்னேன். வேறு ஆறுதல் என்னிடம் இருக்கவில்லை. அவர் அழுதார். அன்று மருத்துவம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் 43 முறை விரலில் மாட்டிப் பார்த்தவர் யாருக்குக் காவல் இருந்தார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

## வண்டிக்குத் திரும்புதல்

அல்பிரசோலம் நின்று இரண்டு வாரம் முழுத் தாக்குதல் இல்லாமல் கழிந்த பின், ஐப்பசிக் கடைசியில் தொடங்கினோம். முதலில் ஷெட்டில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்து வேகமூச்சுப் பயிற்சி. பிறகு ஆளில்லாத வண்டியைப் புளியம்பட்டி வரை. பிறகு பயணிகளோடு, பக்கத்தில் ஸ்பேர் டிரைவர் இருக்க, கோவை வரை. அன்னூருக்குக் கொஞ்சம் முன்னால், முதல்முறை நிகழ்ந்த அதே இடத்தில் நெஞ்சு அடித்தது. ஓரம் கட்டவில்லை. "அடிச்சுட்டுப் போன்னு விட்டுட்டேனுங்க. காந்திபுரம் போய்த்தான் நின்னேன்." ஸ்பேர் டிரைவருக்குத் தெரியவே இல்லையாம்.

## சரிவு

கார்த்திகையில் அண்ணனின் முதலாண்டுத் திதி. அதற்கு முந்தைய வாரம் தூக்கம் போயிற்று, நிறுத்தியிருந்த சிகரெட்டில் இரண்டு உள்ளே போனது, இரண்டு தாக்குதல்கள் வந்தன. ஒன்றில் தாளை மீறி ஈசிஜிக்குப் போய்விட்டார். எட்டாவது. இந்த வாரம் வரும் என்பதை நாள்காட்டி பார்த்தே நான் ஊகித்திருக்கலாம். ஊகிக்கவில்லை. திதி முடிந்து நான்கு நாளில் அடங்கியது. திட்டத்தில் எதையும் மாற்றவில்லை, மாத்திரை அளவையும் கூட்டவில்லை.

## இப்போது

முதல் நிகழ்வுக்குப் பிறகு 11 மாதம் ஆகிறது. முழு நேரமும் ஓட்டுகிறார். கடைசி ஆறு மாதத்தில் ஒரு தாக்குதல், அதுவும் வீட்டில். விட்டுத் துடிப்பது இப்போதும் உண்டு. "வருதுங்க, போவுதுங்க." செர்ட்ராலினை ஓராண்டு முடிந்ததும் மெல்லக் குறைக்க எண்ணம். டீ நாலாகிவிட்டது. சிகரெட் கார்த்திகைக்குப் பிறகு இல்லை.

எல்.டி.எல். மூன்று மாத உணவு மாற்றத்தில் 139-க்கு மட்டுமே இறங்கியது. குடும்ப வரலாற்றைக் கருதிக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினேன். தொடக்கத்திலேயே கொடுக்காததற்குக் காரணம் உண்டு: அந்த நிலையில் 'இதய மாத்திரை' ஒன்றைக் கையில் கொடுத்திருந்தால் கேள்விக்குறிக்கு நானே பதில் எழுதியதாக எடுத்துக்கொண்டிருப்பார். மூன்று மாதம் தள்ளிப்போட்டதில் நட்டமில்லை. முற்றிலும் விட்டிருந்தால் அது வேறு வகைத் தவறு.

## மாற்றிச் செய்ய நினைப்பவை

சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று நெஞ்சுப் படபடப்போடு வரும் ஒவ்வொருவரிடமும் இப்போது முதலிலேயே கேட்கிறேன். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். சார்பிட்ரேட் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமான பைகளில் இருக்கிறது.

வீட்டில் ஒருவர் மாரடைப்பில் இறந்திருந்தால், எத்தனை வயதில் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்வது என் பழக்கமாக இருந்தது. அன்றைக்கு யார் பக்கத்தில் இருந்தார்கள் என்றும் இப்போது கேட்கிறேன். ஐந்து வாரம் காத்திருக்கத் தேவையில்லாத கேள்வி அது.

ஹோல்டர், டிரெட்மில் ரிப்போர்ட்டுகள் எங்கள் மேசையிலிருந்து வாட்ஸ்ஆப்பில் போவதை நிறுத்திவிட்டோம். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது. ஒரு வரிக்காக இன்னொரு நாள் லீவு போட வேண்டுமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் போனில் நானே பேசுகிறேன், பேசிய பிறகுதான் அனுப்புகிறோம்.

கேள்விக்குறி போட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அந்தச் சீட்டின் கீழே இப்போது ஒரு வரி சேர்க்கிறோம்: 'அங்கே என்ன சொன்னாலும், மூன்று நாளில் இந்தச் சீட்டோடு எங்களிடம் வாருங்கள்.' வருகிறவர்களிடம் அந்தக் குறியை அடித்துவிட்டுப் பக்கத்தில் விடையை எழுதித் தருகிறேன். முதலில் இந்த வரியை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து குத்தினோம், யாரும் படிக்கவில்லை. இப்போது நர்ஸ் கையால் எழுதுகிறார்.